மனையில் முளைத்த வெள்ளைக் குடைக்காளான்: சமைக்கலாமா?

கேள்வி, 13 அக்டோபர் 2024, மாலை 6.10

"எங்கள் புது மனையில் போன வாரம் பெய்த மழைக்கு வெள்ளை வெள்ளையாகக் காளான் முளைத்திருக்கிறது. வட்டம் போட்ட மாதிரி பதினைந்துக்கு மேல் இருக்கும். நான் சின்ன வயதில் புற்றுக்காளான் தின்று வளர்ந்தவன், பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறது. கொத்தனாரும் நல்ல காளான்தான் என்கிறார். கழுவி வைத்தாகிவிட்டது. இரவு மிளகு போட்டு வறுக்கலாம் என்று எண்ணம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

13 அக்டோபர், மாலை 6.25

வேண்டாம். அடுப்பில் ஏற்றியிருந்தால் இறக்குங்கள். ஒரு காளானைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். காம்பில் வளையம் இருக்கிறதா, பிடுங்கும்போது கீழே வேர் மாதிரி நீளமாக ஏதாவது வந்ததா? எல்லாவற்றையும் எறிந்துவிடாதீர்கள், நன்றாக விரிந்ததில் இரண்டை எடுத்து வையுங்கள். கடையில் ஆள் நிற்கிறார், அப்புறம் வருகிறேன்.

13 அக்டோபர், இரவு 10.50

கடையை மூடிவிட்டு வந்தேன். கேட்டவரிடமிருந்து பதில் இல்லை, சாப்பிட்டுவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது. அவர் எழுதியதை அப்படியே ஏழு வருஷத்துக்கு முன் நான் எழுதியிருப்பேன், கொத்தனாரைத் தவிர.

முதலில் ஒன்று. நான் காளானைப் பற்றிப் படித்தவன் இல்லை. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் நெல்லைப் பக்கம், மலையடிவாரம். ஐப்பசி மழையில் ரெண்டு இடி இடித்தால் மறுநாள் விடியுமுன் ஆச்சி ஓலைப்பெட்டியோடு கிளம்பிவிடுவாள், நானும் பின்னாடியே. அந்தத் தைரியத்தில் 2017 செப்டம்பரில், கோயம்புத்தூர் புறநகரில் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிரே காலி மனைப் புல்லில் வெள்ளையாக முளைத்ததைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. தட்டு அகலம், தடித்த காம்பு, சுத்தமான வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை வேறு. சின்ன வெங்காயம் தாராளமாகப் போட்டு, மிளகு சீரகம் இடித்துப் போட்டு வறுத்தோம்.

ருசியாக இருந்தது. கசந்தால் விஷம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பிரமாதமாக இருந்தது, நான் ரெண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

ஒன்றரை மணிக்குச் சாப்பாடு. மூன்றேகாலுக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் நடந்ததை இங்கே விவரமாக எழுத முடியாது, ஆறு மணிக்குள் வாந்தியும் பேதியும் சேர்ந்து நிற்க முடியாமல் ஆகிவிட்டது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மனைவி ரெண்டு துண்டுதான் தின்றிருந்தாள், அவளுக்குக் குமட்டலோடு போயிற்று. பக்கத்து ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில்: ஓட்டல் பிரியாணி. வெட்கம்தான் காரணம். காட்டில் வளர்ந்த பயல் காளான் தின்று விழுந்தான் என்று ஊரில் தெரிந்தால்? மனைவிதான் உண்மையைச் சொன்னாள். ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது.

14 அக்டோபர், காலை

கேட்டவர் எழுதிவிட்டார், சாப்பிடவில்லையாம். அவர் வீட்டம்மா தடுத்துவிட்டார்களாம். நல்லது.

படத்தையும் பார்த்தேன். என் கதையில் வந்த அதே ஆள் மாதிரி இருக்கிறது: குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ். வாயில் நுழையாத பெயர், நான் பச்சைத்தூள் காளான் என்பேன். வெப்பநாடுகள் எல்லாவற்றிலும் புல்வெளியில் வரும், அமெரிக்காவில் தெரியாமல் தின்று அவதிப்படுகிறவர்களில் அதிகம் பேர் தின்பது இதைத்தான் என்கிறார்கள். குடை வெள்ளை, நடுவில் பழுப்புச் செதில் ஒட்டியிருக்கும். காம்பில் ஒரு வளையம், வளையல் மாதிரி மேலும் கீழும் நகரும். புல்லில் வட்டமாக முளைக்கும். விரியும் வரை அடி மடிப்பு வெள்ளையாகவே இருக்கும், முற்றிய பிறகுதான் சாம்பல் கலந்த பச்சைக்கு மாறும். சிக்கல் அங்கேதான். நாம் பறிப்பது பிஞ்சையும் பாதி விரிந்ததையும். அப்போது அது அப்பாவி மாதிரி வெள்ளையாக இருக்கும்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தபோது, மீந்த ரெண்டு பெரிய காளானைத் திண்ணையில் செய்தித்தாள் மேல் கவிழ்த்து வைத்தது அப்படியே வாடிக் கிடந்தது. எடுத்தால் தாளில் சக்கரத்துக் கம்பி மாதிரி பச்சைப் பொடி. ரெண்டு நாள் என் வயிற்றைக் கலக்கியதற்கு அது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

சுருக்கமாக: வளையம் இருந்தால் தொடாதே, வளையம் இல்லாமல் வேர் இருந்தால் புற்றுக்காளான்.

14 அக்டோபர், இரவு

காலையில் எழுதிய கடைசி வரியை யாரும் நம்ப வேண்டாம். நானே திருத்துகிறேன்.

இங்கே ஒருவர் கேட்டார், "எங்கள் பக்கத்துப் புற்றுக்காளானில் வளையம் உண்டே, அப்போது அது விஷமா?" என்று. அவர் சொல்வது சரி. கரையான் புற்றுக் காளான் ஒன்று இல்லை, பல இனம் (டெர்மிட்டோமைசஸ் என்பது குடும்பப் பெயர் மாதிரி). அதில் ஹெய்மியை என்று ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் நடராஜன் 1979-ல் விவரித்துப் பெயர் வைத்தது. அதற்குக் காம்பில் நல்ல தடித்த வளையமே உண்டு. எதிர்ப்பக்கமும் பாருங்கள், பச்சைத்தூள் காளானின் வளையம் நகரக்கூடியது, மழையிலும் பிடுங்கும்போதும் கழன்று விழுந்துவிடும். ஆக வளையம் இருந்தாலும் ஒன்றும் தெரியாது, இல்லாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. காலையில் ஒரு வரியில் நான் ரெண்டு தப்பு பண்ணியிருக்கிறேன்.

வேர் சங்கதி மட்டும் கொஞ்சம் உருப்படி. அது வேர் இல்லை, காளானின் காம்புதான் மண்ணுக்குள் இறங்கிப் போவது. கரையான் இலை தழையை மென்று, அடியில் பஞ்சு மாதிரி ஒரு கூடு கட்டி, அதில் இந்தப் பூசணத்தைப் பயிர் வைத்திருக்கிறது. மழை இறங்கினதும் கூட்டிலிருந்து ஒரு முளை கிளம்பி, கூரான கெட்டித் தலையால் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. அதனால்தான் புற்றுக்காளான் குடையின் உச்சியில் பம்பரத்து ஆணி மாதிரி ஒரு கூர். ஆச்சி பிடுங்க மாட்டாள், சின்னக் கம்பை விட்டு நெம்பி நெம்பி ஒரு முழம் வரை எடுப்பாள். அவசரத்தில் நான் பிடுங்கி முறித்தால் மண்டையில் ஒரு குட்டு. அப்போது அதை ருசிக்காக என்று நினைத்தேன், அடிக்காம்பு நல்ல கறி மாதிரி இருக்கும். இப்போது யோசித்தால் அவள் ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் எடுத்திருக்கிறாள்.

16 அக்டோபர்

மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் இருந்தால் நிறம் மாறும், பூண்டு கறுக்கும், வெள்ளிக்காசு கறுக்கும், எறும்பு மொய்த்தால் நல்லது, புழு இருந்தால் நல்லது, ஆடு தின்றால் நல்லது. ரெண்டு நாளில் இத்தனை சோதனை வந்து குவிந்திருக்கிறது. ஒன்றுகூட நிற்காது.

என் கதையில் நான் மறைத்த ஒரு விஷயம். மனைவி அன்றைக்குச் சோதனை பண்ணித்தான் இறக்கினாள். சின்ன வெங்காயம் நிறம் மாறுகிறதா என்று கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்த்தாள். மாறவில்லை. சாயங்காலம் நான்தான் நிறம் மாறினேன்.

வெள்ளி கறுப்பது கந்தகத்தால், முட்டை தொட்டாலும் வெள்ளி கறுக்கும். காளான் விஷத்துக்கும் வெள்ளிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. புழு, நத்தை, முயல் எல்லாம் உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற காளானையும் கடித்துவிட்டு நிம்மதியாகப் போகும், அவற்றின் வயிறு வேறு.

17 அக்டோபர்

"முப்பது வருஷமாக எங்கள் குடும்பமே எல்லாக் காளானும் சாப்பிடுகிறது, ஒன்றும் ஆனதில்லை, நீங்கள் ஏன் பீதி கிளப்புகிறீர்கள்" என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். ஐயா, சண்டை வேண்டாம், ஒரு கதை.

ஜெர்மனியில் ஜூலியஸ் ஷேஃபர் என்று ஒருவர். காளான் ஆய்விலேயே பெயர் எடுத்தவர், என்னைப் போல ரீவைண்டிங் கடைக்காரர் இல்லை. பாக்ஸில்லஸ் என்று ஒரு பழுப்புக் காளான், ஓரம் உள்பக்கம் சுருண்டிருக்கும். ஐரோப்பாவில் பல தலைமுறையாக வேகவைத்துத் தின்ற சாதனம். 1944 அக்டோபரில் அதைச் சாப்பிட்டு ஷேஃபர் இறந்தார். அப்புறம்தான் மெதுவாகப் புரிந்தது, அந்தக் காளானைத் திரும்பத் திரும்பத் தின்றால் சிலர் உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்கிறது, ஒருநாள் தன் ரத்த அணுக்களையே உடைக்கத் தொடங்குகிறது. நூறு தடவை தின்றது பாதுகாப்புக்குச் சாட்சி இல்லை, அந்த நூறுதான் அங்கே ஆபத்தே.

நம் பக்கத்துப் புற்றுக்காளானுக்கு இப்படி ஒரு கதை நான் கேள்விப்பட்டதில்லை, அதைப் போட்டு இதோடு குழப்பாதீர்கள். "எல்லாக் காளானும்" என்று எழுதினீர்களே, அந்தச் சொல்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

17 அக்டோபர், பிற்பகல்

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ. முப்பது வருஷக்காரர் மன்னிக்கவும். உங்கள் அம்மா பறிப்பது எல்லாக் காளானும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ரெண்டோ மூணோ வகையைத்தான் பறிப்பார்கள், மற்றதைக் கண்ணால் பார்த்ததும் விட்டுவிடுவார்கள். விட்டது உங்கள் தட்டில் வராததால் அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

20 அக்டோபர், ஞாயிறு

சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் தொந்தரவு ஆரம்பித்தது என்பதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எல்லாரும் பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இது, நான் நீட்டி எழுதினாலும்.

எனக்கு ரெண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தது. என்னைப் பார்த்த டாக்டர் அதைக் கேட்டதும் முகம் தெளிந்தார், எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பிறகு புரிந்தது. சீக்கிரம் வாந்தி எடுக்க வைக்கும் காளான் பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும், தண்ணீரும் உப்பும் ஏற்றினால் பெரியவர்கள் பிழைத்துவிடுவார்கள். நிஜமான எமன் அவசரப்படுவதில்லை. ஆறு மணி நேரம், பல தடவை பத்து பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தெரியாது. ராத்திரி சாப்பிட்டால் விடியற்காலையில்தான் ஆரம்பிக்கும். ஒரு நாள் போட்டு வாட்டும், பிறகு நின்றுவிடும். வீட்டில் எல்லாரும் அப்பாடா என்று கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள், ஆளும் எழுந்து உட்காருவார். அந்த நேரத்தில் உள்ளே ஈரல் போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும்போது தாமதமாகியிருக்கும்.

இது அமனிட்டா வகைக் காளான்களில் சிலது செய்கிற வேலை. ஆங்கிலத்தில் டெத் கேப் என்று பெயர் வைத்திருப்பது அதில் ஒன்று. அந்த நஞ்சு ஈரல் செல்லுக்குள் புகுந்து புதுப் புரதம் செய்யவிடாமல் நிறுத்திவிடுகிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்று திப்ருகட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள். முதல் நாள் வயிற்றுப்போக்குக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், தோட்டத்தில் ஒரு நாள் கூலி போய்விடுமே.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதியதே ஆளைக் கொல்லும். "எனக்கு ரெண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது, ஆகவே ஆபத்தில்லை" என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். சட்டியில் ரெண்டு வகை கலந்திருக்கலாம், ஒன்று முந்திக்கொண்டு வாந்தி எடுக்க வைக்கும், மற்றது காத்திருக்கும். எப்போது வந்தாலும் ஆஸ்பத்திரிதான். சாப்பிட்ட மணியைச் சொல்லுங்கள், சாப்பிட்ட எல்லாரையும் கூட்டிப் போங்கள், மீந்த காளான் பச்சையாகவோ சமைத்ததாகவோ எது இருந்தாலும் தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். பாலிதீன் பையில் போட்டால் அழுகிக் கூழாகிவிடும். ஓட்டல் பிரியாணி என்று சொல்லாதீர்கள்.

21 அக்டோபர்

நேற்று எழுதியதிலிருந்து ஒரு விஷயம் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வைக்கோல் காளான் தெரியும் இல்லையா, வைக்கோல் கட்டில் வளர்ப்பது, முட்டை மாதிரி மொக்காக இருக்கும்போதே பறிப்பார்கள். நம் நாட்டில் அதை வளர்க்க ஆரம்பித்ததே 1940-களில் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில்தான். வியட்நாம், லாவோஸ், சீனா பக்கமெல்லாம் அதைக் காட்டிலும் பறித்துச் சாப்பிடுவார்கள். டெத் கேப்பின் மொக்கும் அதே மாதிரி வெள்ளை முட்டைதான், அடியில் அதே மாதிரி ஒரு கிண்ணம். விரிந்தபிறகு பார்த்தால் வித்தியாசம் உண்டு. வைக்கோல் காளானுக்குக் காம்பில் வளையம் கிடையாது, மடிப்பு இளஞ்சிவப்பாகும். மற்றதற்கு வளையம் உண்டு, மடிப்பு கடைசி வரை வெள்ளை. மொக்கில் இதெல்லாம் எங்கே தெரியும்?

டெத் கேப் ஐரோப்பாவின் காளான். ஓக் மாதிரி மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்வது, மரக்கன்றோடு கப்பலேறி கலிஃபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டது. கிழக்கு ஆசியாவிலிருந்து ஜனங்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 2011 கடைசி நாள் ராத்திரி, கான்பெராவில் புத்தாண்டு விருந்துக்கு அதைச் சமைத்துத் தின்று ரெண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் சீனாவிலிருந்து வந்த சமையல்காரர், தொழிலே அதுதான். 2016 டிசம்பரில் வடக்குக் கலிஃபோர்னியாவில் 14 பேர் மாட்டினார்கள், மூன்று பேருக்கு ஈரல் மாற்ற வேண்டி வந்தது.

இவர்களில் பலபேர் தங்கள் ஊரில் விவரமானவர்கள்தான். அவர்கள் ஊரில் அந்த முட்டைக்கு இரட்டை கிடையாது, அல்லது இருக்கும் இடத்தைப் பெரியவர்கள் தெரிந்து ஒதுக்கியிருப்பார்கள். ஊர் மாறியபோது கண்ணை மட்டும் கூடக் கொண்டுவந்தார்கள். நான் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனதும் அதைத்தான்.

(கொடைக்கானல், ஊட்டி பைன் காடுகளில் படக்கதையில் வருவது மாதிரி சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த காளான் பார்த்திருப்பீர்கள். அதுவும் பைனோடு சேர்ந்து வெளியிலிருந்து வந்த விருந்தாளிதான். அதைப் புற்றுக்காளான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், அழகாக இருப்பதில் இப்படி ஒரு லாபம்.)

24 அக்டோபர்

சனிக்கிழமைதோறும் சாப்பிடும் மாமா ஒருவரைப் பற்றி இங்கே எழுதியிருந்தார்கள். காளான் கறியைத் தொட்டுக்கொண்டு ரெண்டு ரவுண்டு போட்டவர் முகம் செக்கச் சிவந்து, நெஞ்சு படபடத்து, அதே காளான் தின்ற அத்தைக்கு ஒன்றும் இல்லையாம், "பொய் சொல்கிறாரா?" என்று கேள்வி.

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மை வடிந்து கரையும் காளான்களில் ஒரு வகை உண்டு, கோப்ரின் என்று ஒரு சரக்கு அதில் இருக்கிறது. சாராயத்தை உடம்பு உடைக்கும்போது நடுவழியில் அதை நிறுத்திவிடும். குடியை நிறுத்தக் கொடுக்கிறார்களே ஒரு மாத்திரை, கிட்டத்தட்ட அதே வேலை. குடிக்காதவருக்குச் சும்மா கறி. காளான் தின்று ரெண்டு மூன்று நாள் கழித்துக் குடித்தாலும் பிடிக்கும். மாமா தின்றது அதுதானா என்று நான் சொல்ல முடியாது, ஒருவேளை சரக்கிலேயே கோளாறாக இருக்கலாம். அத்தை தெரிந்தே போட்டிருப்பாரோ என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, குடும்ப விஷயம்.

27 அக்டோபர்

இன்னொரு திருத்தம். "நீளமாக வேர் வந்தால்தான் நல்லது" என்று என் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அரிசிக்காளானைத் தூக்கிப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார். ஐயோ. நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டியாக, அரிசி இறைத்த மாதிரி வருமே, அதுவும் கரையான் காளான்தான். கரையான் தன் கூட்டுத் துணுக்கை மேலே கொண்டுவந்து கொட்ட, அதிலிருந்து முளைக்கிறது. கீழே இறங்கவேண்டிய தேவையே இல்லை, ஆக வேரும் இல்லை.

பச்சைப் பொடி விழுந்தால் விஷம், இளஞ்சிவப்புப் பொடி விழுந்தால் நல்லது என்று இன்னொருவர் விதி செய்திருக்கிறார். முதல் பாதி இருக்கட்டும். ரெண்டாம் பாதி வேண்டாம், புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்புப் பொடிதான், ஆனால் அதே நிறத்தில் பொடி விடும் நச்சுக்காளான்களும் உண்டு, என்டலோமா என்று ஒரு கூட்டமே இருக்கிறது.

நான் ஒவ்வொரு விதியாகச் சொல்லி, பிறகு நானே உடைத்துக்கொண்டு வருவது சிலருக்கு எரிச்சலாக இருக்கிறதாம். எனக்கும்தான்.

ஆச்சியிடம் ஒரு தடவை கேட்டேன். கோயம்புத்தூர்க் கூத்துக்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தபோது. திரும்பவும் அந்த மனையில் முளைத்ததைப் போனில் படம் எடுத்துவைத்திருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள். விஷமா நல்லதா என்று சொல்லுவாள் என்று நான் நிற்கிறேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இது எந்தப் புத்து?"

புற்று இல்லை ஆச்சி, புல்லுல முளைச்சிருக்கு என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அப்ப எனக்கு எப்படிலே தெரியும்?"

அன்றைக்கு அவளுக்கு வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எண்ணினால், அவளுக்கு மொத்தம் ஒன்பதோ பத்தோ புற்று தெரியும். பனைமூட்டுப் புற்று, ஓடைக்கரைப் புற்று, சித்தப்பா வயல் வரப்பில் ஒன்று. எந்தப் புற்றில் எந்த மழைக்கு எப்படி வரும் என்று அறுபது வருஷமாகப் பார்த்தவள். பத்தடி தள்ளி அதே மாதிரி ஒன்று வெள்ளையாக நின்றாலும் குனிய மாட்டாள். நாய்க்குடை என்று ஒரே வார்த்தை, செருப்பால் ஒரு தட்டு. அதைக் கஞ்சத்தனத்துக்கு எதிர்ப்பதம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன், இவ்வளவு பெரிசை விட்டுப் போகிறாளே என்று.

28 அக்டோபர்

நேற்றையதைப் படித்துவிட்டு ஒருவர் காளானுக்குப் பழைய தமிழ்ப் பெயர் ஆம்பி என்று எழுதியிருந்தார். ஆமாம். சங்கப் பாட்டு ஒன்றில் சமைத்து நாளாகிப்போன அடுப்பில் ஆம்பி பூத்துக் கிடக்கும், புலவர் வீட்டு வறுமை அது. இன்னொன்றில் கரையான் அரித்த புழுதியில் பூக்கும். பசியோடு இருந்த அந்த மனுஷன் அடுப்பில் முளைத்ததைப் பார்த்துப் பாட்டுத்தான் கட்டினார், வறுத்துத் தின்னவில்லை. விவரமான ஆள்.

3 நவம்பர்

கேட்டவர் ஒரு வழியாகச் சோதனை செய்துவிட்டார். எடுத்து வைக்கச் சொன்னவை அழுகிவிட்டதாம், போன மழைக்கு அதே வட்டத்தில் புதிதாக வந்ததைப் பறித்து, காம்பை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாள் மேல் கவிழ்த்து எவர்சில்வர் கிண்ணத்தால் மூடி ராத்திரி முழுக்க வைத்திருக்கிறார். (வெறும் வெள்ளைத் தாளில் வெள்ளைப் பொடி விழுந்தால் தெரியாது, அதற்குத்தான் கறுப்பு.) காலையில் படம் போட்டிருக்கிறார். பச்சை. பாசிப்பயறு மாவை மெல்லச் சலித்த மாதிரி.

கொத்தனாரிடம் காட்டினாராம். "இது எங்க ஊர்ல வர்றது இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாராம். அவர் எந்த ஊர் என்று கேட்டேன். ஒரிசாவாம்.

பிஞ்சாக இருந்தால் பொடியே விழாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தாள் சுத்தமாக இருப்பதைப் பார்த்து அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

9 நவம்பர்

ஊருக்குப் போய்விட்டு வந்தேன். பனைமூட்டுப் புற்று இருந்த இடத்தில் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். ஓடைக்கரையில் ஒன்று இருக்கிறது. ஆச்சி போய் நாலு வருஷமாகிறது, சித்தப்பா மகன்தான் கூட வந்தான். மழை நன்றாகப் பெய்திருந்தது. ஏழு காளான் நின்றது, உச்சியில் கூர், கம்பை விட்டு நெம்பினால் முழ நீளத்துக்கு வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் பறித்துச் சட்டையில் போட்டுக்கொண்டான். இது ஆச்சி எடுக்கிற புற்றுதானா, அதற்கு அடுத்ததா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவன் வீட்டில் சமைத்தார்கள். மைனி எத்தனை தடவை சொல்லியும் நான் ரசஞ்சோறு தின்றுவிட்டு எழுந்துவிட்டேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் காலையில் போன் போட்டுக் கேட்டேன், மத்தியானமும் கேட்டேன்.

12 நவம்பர்

மூன்றாம் நாளும் கேட்டேன், சித்தப்பா மகன் கோபித்துக்கொண்டான்.

சந்தையில் கால் கிலோ பால் காளான் வாங்கி வந்தேன், நம் அருப்புக்கோட்டை பெயர் தாங்கிய ஏ.பி.கே.2 வகையாக இருக்கும், பண்ணையில் வளர்த்தது, பையில் லேபிள் ஒட்டியிருக்கிறது. மனைவி லேபிளைப் படித்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.